பூட்டு கனம், கீல் நோஞ்சான்

உத்தரப் பிரதேசத்தின் அலிகாருக்குப் ‘பூட்டு நகரம்’ என்று பெயர். பல தலைமுறைகளாக நாடெங்கும் உள்ள கதவுகளுக்கு அங்கிருந்து பூட்டுகள் போகின்றன. அந்த மாநிலத்தின் மேற்குப் பகுதி வயல்களில் ஆழ்துளைக் கிணற்றுக்கென்று கட்டப்பட்ட சிறிய செங்கல் அறைகளிலும் அவைதான் தொங்குகின்றன. பூட்டு கைக்கனம். அதே கதவின் மறுபக்கத்தில் இரண்டு மெல்லிய கீல்கள். அவற்றைப் பிடித்திருப்பவை முக்கால் அங்குல ஸ்க்ரூக்கள்.

திருடன் பூட்டைத் தொடுவதேயில்லை. ஸ்க்ரூடிரைவரோடு கீல் பக்கம் போகிறான்.

அறைக்குள் மோட்டாரும் குழாய்களும் இடத்தை அடைத்துக்கொள்வதால் கதவை வெளிப்புறம் திறக்கும்படி வைக்கிறார்கள். அப்போது கீலும் வெளியே வந்துவிடுகிறது. நடுவில் உள்ள கம்பியைத் தட்டி எடுத்தாலே போதும், பூட்டு பூட்டியபடியே இருக்க, கதவு மறுபக்கமாகத் திறந்துகொள்ளும்.

இழப்பு மோட்டாரோடும் தாமிரக் கேபிளோடும் நிற்பதில்லை. கோதுமை விதைத்த 20 முதல் 25 நாட்களுக்குள் முதல் தண்ணீர் பாய்ந்தாக வேண்டும். அந்த வாரத்தில் ஸ்டார்ட்டர் காணாமல் போனால் அடி விழுவது விளைச்சலில்.

சட்டம் இந்த அறையை அலட்சியப்படுத்தவில்லை. பொருளைப் பாதுகாத்து வைக்கும் கட்டிடத்தில் அத்துமீறி நுழைவதை, குடியிருக்கும் வீட்டில் நுழைவதோடு சேர்த்தே 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் வைத்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் அதையே தொடர்கிறது. சட்டத்தின் கண்ணுக்கு வீடு. சொந்தக்காரர் கண்ணுக்கு மட்டும் வெறும் கொட்டகை.

பரிகாரம் எளிது. ஒவ்வொரு கீலிலும் இரண்டு ஸ்க்ரூக்களைக் கழற்றிவிட்டு, கதவின் கனம் முழுவதையும் ஊடுருவிப் போகும் போல்ட்களை மாட்ட வேண்டும். வெளியே இருப்பது பள்ளமில்லாத உருண்டைத் தலையாகவும், நட்டும் வாஷரும் உள்பக்கமாகவும் இருக்கட்டும். கீல் கம்பியின் இரு முனைகளையும் சுத்தியலால் அடித்துத் தட்டையாக்கலாம். இரும்புக் கீலானால் ஒரு பொட்டு வெல்டிங் வைக்கலாம். மரக்கதவில் இன்னொரு வழி உண்டு. கீல் பக்க நிலையில் தடித்த இரும்பு முளை ஒன்றை அரை அங்குலம் நீட்டி அடித்து, கதவின் விளிம்பில் அதற்கு நேரே துளை போட வேண்டும். கதவு சாத்தியிருக்கும்போது முளை துளைக்குள் இருக்கும். கீலே போனாலும் அந்தப் பக்கம் கதவை இழுக்க முடியாது.

தூக்கி மாட்டும் வகை இரும்புக் கதவைக் கடப்பாரையால் நெம்பிக் கழற்றிவிடலாம். மேல் கீலின் முளையை மட்டும் கீழ்நோக்கி வைத்தால் அது நடக்காது. கொண்டியின் ஸ்க்ரூக்கள் வெளியே தெரிகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். கொண்டியை மடித்துப் பூட்டியதும் அவை அதன் அடியில் மறைய வேண்டும். கடைசியாக நிலை. செங்கல்லுக்குள் ஆழமாகப் பதியாத நிலையில் எதைப் பொருத்தியும் பயனில்லை.

எந்தக் கதவையும் உடைத்துவிடலாம். ஆனால் நேரமும் சத்தமும் திருடனுக்கு ஆகாதவை. இந்த வேலைகள் அவனிடம் கேட்பது அவை இரண்டையும்தான். செலவோ, புதிய பூட்டு ஒன்றின் விலைக்கு அருகில். அடுத்த பூட்டு வாங்கப் புறப்படுமுன் கதவின் மறுபக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுவது லாபம்.