விட்டுக் கொடுக்கப்பட்ட வெற்றி



மோட்டார் சைக்கிள் பந்தயத்தைப் பற்றிப் பெண்கள் பள்ளி ஆண்டு மலரில் ஒரு கட்டுரையா என்று சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். 1977-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்த ஒரு பந்தயத்தின் முடிவு, அவ்விளையாட்டை நேசிப்பவர்களிடையே இன்றும் வாதத்திற்கு உரியதாக இருக்கிறது. அந்த வாதத்தில் எங்களுக்கும் ஒரு கருத்து உண்டு. அதையே இங்கு எழுதுகிறோம்.

மோட்டோகிராஸ் தார்ச் சாலையில் நடப்பதன்று. மேடும் பள்ளமுமான மண் தடத்தில் பல வண்டிகள் ஒரே நேரத்தில் புறப்படும். முன்னே போகிறவரின் சக்கரம் வாரியிறைக்கும் புழுதியும் சேறும் பின்னே வருகிறவரின் முகத்தில்தான் விழும். ஒரே நாளில் இரண்டு ஓட்டங்கள். ஊர் ஊராகச் சென்று ஓடிப் பெற்ற புள்ளிகளையெல்லாம் கூட்டி, ஆண்டு முடிவில் யாருக்கு அதிகமோ அவரே சாம்பியன். ஆகவே, கடைசி ஊரில் கடைசி ஓட்டம் வரையில் பட்டம் யாருக்கு என்று தெரியாமல் இழுபறியாக இருப்பதும் உண்டு.

1977-இல் 125 சி.சி. பிரிவில் அப்படித்தான் ஆயிற்று. கடைசிப் பந்தயம் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில். பட்டத்தை எட்டும் நிலையில் இருந்தவர்கள் சுசுகி வண்டியில் ஓடிய டேனி லாபோர்ட்டும், யமஹா வண்டியில் ஓடிய பிராக் குளோவரும். குளோவருக்கு அப்போது வயது 17. நம் பள்ளி மேல்வகுப்பு அக்காமார்களின் வயதுதான்.

மூன்றாவதாக ஒருவர் இருந்தார். அவரே இக்கதையின் நாயகர். பெயர் பாப் ஹன்னா. 'சூறாவளி' என்பது ரசிகர்கள் இட்ட பெயர். முந்தைய ஆண்டில், அதிகம் பேர் அறியாதவராக வந்து, அதற்கு முன் இரண்டு முறை சாம்பியனான மார்ட்டி ஸ்மித்தை வென்று இதே 125 சி.சி. பட்டத்தைப் பெற்றவர். 1977-இல் விளையாட்டரங்குகளில் நடக்கும் சூப்பர்கிராஸ் பட்டமும் அவருக்கே. ஆனால் 125 சி.சி. பட்டம் மட்டும் அவ்வாண்டு அவர் கைக்கு எட்டாமற் போயிற்று. அவரும் குளோவரைப் போல யமஹா கம்பெனியின் வீரர்.

கடைசி ஓட்டத்தில் ஹன்னா முதலாவதாகப் போய்க்கொண்டிருந்தார். குளோவர் அவருக்கு அடுத்து. லாபோர்ட் அவர்களுக்கும் பின்னே. ஹன்னா அப்படியே முதலில் முடித்தால் பட்டம் லாபோர்ட்டுக்கு. குளோவர் முந்தினால் குளோவருக்கு.

மோட்டோகிராஸ் வீரரின் காதில் யாரும் செய்தி சொல்ல முடியாது. ஒவ்வொரு சுற்றிலும் தடத்தின் ஓரத்தில் மெக்கானிக் ஒரு பலகையில் எழுதித் தூக்கிப் பிடிப்பார். கடந்து போகும் ஒரு நொடிக்குள் வீரர் அதைப் படித்துக்கொள்ள வேண்டும். அன்று ஹன்னாவுக்குக் காட்டப்பட்ட பலகையில் இருந்தவை ஆங்கிலத்தில் மூன்றே சொற்கள்: 'லெட் பிராக் பை'. பிராக்குக்கு வழிவிடு என்பது கருத்து. அம்மூன்று சொற்களில் இரண்டு எழுத்துப் பிழைகள்! பிராக் என்ற பெயரின் கடைசியில் இல்லாத ஓர் எழுத்து சேர்ந்துவிட்டது. வழிவிடுவதைக் குறிக்கும் 'பை' என்ற சொல், விடைபெறும்போது நாம் சொல்லும் 'பை' ஆகிவிட்டது. நம் ஆங்கில ஆசிரியை பார்த்திருந்தால் சிவப்பு மையால் இரண்டு வட்டங்கள் போட்டிருப்பார். அவசரத்தில் எழுதியதாக இருக்கலாம். ஆனால் அந்தப் பிழைகளோடேயே அந்தப் பலகை மோட்டோகிராஸ் வரலாற்றில் நிலைத்துவிட்டது.

ஹன்னா வேகத்தைக் குறைத்தார். குளோவர் முந்தினார். கூட்டிப் பார்த்தபோது குளோவருக்கும் லாபோர்ட்டுக்கும் புள்ளிகள் சமம். அதிக வெற்றிகள் பெற்றவர் என்ற கணக்கில் பட்டம் குளோவருக்குச் சென்றது.

இதைப் பற்றி எங்களுக்குள் பேசியபோது இரு கட்சிகள் எழுந்தன. வண்டியும் மெக்கானிக்கும் சம்பளமும் கம்பெனி கொடுத்தவை. சொன்னதைச் செய்வது ஊழியரின் கடமை என்றனர் சிலர். சைக்கிள் பந்தயங்களில் ஒரு குழுவினர் தங்கள் தலைவருக்காக உழைத்து, தாம் பின்தங்கிப் போவது வழக்கந்தானே என்றும் கேட்டனர். கேள்வி நியாயமானதே. சைக்கிள் பந்தயத்தில் அது எல்லோரும் அறிந்து ஏற்ற முறை. அங்கே ஒருவர் குழுவோடுதான் போட்டியிடுகிறார். இங்கோ, ஒவ்வொருவரும் தமக்காகவே ஓடுகிறார் என்று நம்பித்தான் லாபோர்ட் அந்தப் பருவம் முழுவதும் புள்ளி புள்ளியாகச் சேர்த்தார். பார்க்கச் சீட்டு வாங்கி வந்தவர்களும் அப்படியே நம்பினார்கள். எனவே அந்தப் பலகை தவறு என்பதே எங்களுள் பெரும்பாலோரின் முடிவு.

ஆனால் பழியை யார்மேல் வைப்பது? குளோவர்மேல் வைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. வழி திறந்தது, பந்தயத்தில் வழி திறந்தால் போகாமல் நிற்பவர் உண்டோ? ஹன்னா அதை விரும்பிச் செய்யவில்லை என்பதைப் பிற்காலத்தில் மறைக்கவில்லை. எந்தப் பந்தயத்திலும் எவருக்கும் விட்டுக் கொடுக்காதவர் என்று பெயர் வாங்கியவருக்கு அந்தச் சில நொடிகள் எவ்வளவு கசந்திருக்கும்! எனினும் கைப்பிடி அவர் கையில்தான் இருந்தது என்று எங்களுள் ஒருத்தி விடாமல் வாதாடினாள். பெரியவர்கள் எழுதிக் காட்டுவதையெல்லாம் செய்துவிட வேண்டுமா என்பது அவள் கேள்வி. அதற்கு அன்று எங்களில் யாரும் பதில் சொல்லவில்லை.

விட்டுக் கொடுப்பது நல்ல குணம் என்று வீட்டிலும் வகுப்பிலும் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். தன் பங்கை ஒருவர் கொடுத்தால் அது தியாகம். ஹன்னா கொடுத்தது அவருடைய முதலிடம் மட்டுமாக இருந்திருந்தால் ஒருவரும் பேசியிருக்க மாட்டார்கள். அதனோடு லாபோர்ட்டின் பட்டமும் சேர்ந்து போனது. அதைக் கொடுக்க ஹன்னாவுக்கோ கம்பெனிக்கோ உரிமை ஏது?

குளோவர் பரிசாகப் பெற்ற பட்டத்தோடு நின்றுவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1978, 1979 ஆண்டுகளிலும் 125 சி.சி. சாம்பியன் அவரே, பின்னர் 500 சி.சி. பிரிவில் 1981, 1983, 1985 என மூன்று முறை. ஆறு தேசியப் பட்டங்கள்! ஆயினும் அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் அந்தப் பலகையும் கூடவே வந்துவிடுகிறது. ஐந்து பட்டங்களுக்கு இது அநியாயம் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

லாபோர்ட் 1979-இல் 500 சி.சி. தேசியப் பட்டத்தை வென்றார். 1981-இல் நாடுகளுக்கிடையேயான மோட்டோகிராஸ் போட்டியில் முதன்முறையாக வென்ற அமெரிக்க அணியில் அவரும் ஒருவர். 1982-இல் ஐரோப்பியத் தடங்களில் ஓடி 250 சி.சி. உலகச் சாம்பியன் ஆனார். அவ்வாண்டு அவர் ஓட்டியது யமஹா வண்டி.