வரிக்குச் சொந்தம், உதவிக்கு அந்நியம்

பிரிட்டன் உள்துறை அமைச்சர் ஷபானா மஹ்மூத் 2025 நவம்பரில் வெளியிட்ட குடியேற்றப் பரிந்துரைகளில் ஒன்று, படிக்கப் படிக்க எரிச்சலூட்டுகிறது. நிரந்தர வதிவிடத்துக்கான காத்திருப்பு 5 ஆண்டிலிருந்து 10 ஆண்டாகிறது. அது ஏற்கெனவே தெரிந்த கதை. அதற்கு மேல், அரசு உதவித்தொகை வாங்கியவர்களுக்குத் தனித் தண்டனை: 12 மாதத்துக்குள் வாங்கியிருந்தால் இன்னும் 5 ஆண்டு, அதைத் தாண்டினால் 10 ஆண்டு.

வாங்குகிறவர் யார்? அகதிகளை விட்டுவிட்டால், தற்காலிக விசாக்காரர்களில் பெரும்பாலோருக்கு 1999-ஆம் ஆண்டுக் குடியேற்ற, புகலிடச் சட்டத்தின் 115-ஆவது பிரிவே கதவைச் சாத்திவிட்டது. யுனிவர்சல் கிரெடிட் என்ற வருமான உதவி கிடையாது, குழந்தைகளுக்கான படி கிடையாது, கவுன்சில் வீடும் கிடையாது. குடும்ப விசாவில் இருப்பவர்களைப் போன்ற சிலர் மட்டும், சோற்றுக்கே வழியில்லை என்று வங்கிக் கணக்கைப் பிரித்துக் காட்டி மன்றாடினால், உள்துறை இந்த நிபந்தனையை நீக்கும். ஆக, வறியவர் என்று உள்துறையே ஏற்றுக்கொண்டவரை அதே உள்துறை தண்டிக்கப்போகிறது.

இதற்குச் சொல்லப்படும் நியாயம், ‘எங்கள் வரிப்பணம்’. யாருடைய வரிப்பணம்? விசாவோடு சேர்த்துக் கட்டும் சுகாதாரக் கூடுதல் கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். 2015-இல் ஆண்டுக்கு 200 பவுண்டாக இருந்தது, 2024 பிப்ரவரியிலிருந்து 1,035 பவுண்டு, சிறுவர்களுக்கு 776. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், ஐந்தாண்டு வேலை விசா என்றால் 18,110 பவுண்டு. நம் காசில் 20 லட்சத்துக்கு மேல். தவணை கிடையாது. விண்ணப்பத்தின்போதே ஐந்தாண்டுக்கும் சேர்த்து மொத்தமாகக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் விண்ணப்பம் நகராது. அந்த நாட்டு மண்ணை மிதிக்கும் முன்பே, வராத காய்ச்சலுக்கு இவ்வளவு. வந்து வேலையில் சேர்ந்த பிறகு வருமான வரி, தேசியக் காப்பீடு என்று அதே மருத்துவமனைக்கு இரண்டாம் முறை. இந்த 18,110 என்ற எண்ணை லண்டன் நாளேடுகளின் தலைப்பில் நான் பார்த்ததில்லை. நலத்திட்டச் செலவு மட்டும் தவறாமல் வருகிறது.

செவிலியருக்கும் பராமரிப்பு ஊழியருக்கும் இந்தக் கட்டணம் இல்லையே என்பார்கள். இல்லைதான், கொரோனாவில் வீட்டு வாசலில் நின்று கைதட்டிய தயவில் வந்த விலக்கு அது. அந்தக் கைதட்டலின் ஈரம் காயும் முன்பே, முதியோர் இல்லங்களில் மலம் அள்ளும் பராமரிப்பு ஊழியர் நிரந்தர வதிவிடத்துக்கு 15 ஆண்டு காத்திருக்க வேண்டும் என்கிறது இதே பரிந்துரை. 2022 ஜூலைக்கும் 2024 டிசம்பருக்கும் இடையே, விதிமீறலுக்காக 470-க்கு மேற்பட்ட பராமரிப்பு நிறுவனங்களின் உரிமத்தை அரசே ரத்து செய்தது. தப்பு செய்தது முதலாளி. அந்த நிறுவனங்களோடு தொடர்புடைய தொழிலாளர்களோ 39,000-க்கும் மேற்பட்டவர்கள். விசா ரத்துக் கடிதம் வந்த நாளிலிருந்து புது முதலாளியைத் தேட 60 நாள்தான் கெடு. அதுவரை வாடகைக்கு அரசிடமிருந்து ஒரு பென்னி வராது. பட்டினி பயம் இருக்கிறவர் கூலி குறைந்தாலும் வாய் திறக்க மாட்டார். பணத்தை மிச்சம் பிடிப்பதல்ல, வாயை அடைப்பதுதான் இந்தச் சட்டத்தின் உண்மையான வேலை.

2020 மே மாதம் நாடாளுமன்றக் குழு ஒன்றில், தமிழர் நிறைந்த ஈஸ்ட் ஹாம் தொகுதியின் உறுப்பினர் ஸ்டீபன் டிம்ஸ் இப்படி உதவி மறுக்கப்பட்ட ஒரு குடும்பத்தைப் பற்றிக் கேட்டபோது, அன்றைய பிரதமர் போரிஸ் ஜான்சனுக்கு அப்படியொரு விதி இருப்பதே தெரியவில்லை. ஆள்கிறவருக்கே தெரியாத சட்டம்! அதே டிம்ஸ் இன்று ஆளுங்கட்சியில், நலத்துறையிலேயே அமைச்சர். மஹ்மூதும் அவரும் ஒரே அரசில்.

தேசியக் காப்பீட்டைப் பாருங்கள். குறைந்தது 10 ஆண்டு கட்டினால்தான் பிரிட்டனில் ஓய்வூதியம். ஒன்பது ஆண்டு கட்டிவிட்டு ஊர் திரும்பும் திருச்சிக்காரருக்குப் பூஜ்யம். சீட்டுப் பணத்தை மாதம் தவறாமல் கட்டு, ஏலத்துக்கு மட்டும் வராதே என்பதுதானே இது? 2025 வர்த்தக ஒப்பந்தத்தையொட்டி, இந்திய நிறுவனங்கள் தற்காலிகமாக அனுப்பும் ஊழியருக்கு மூன்றாண்டு இந்தப் பிடித்தம் இல்லை என்று இரு அரசுகளும் ஒப்புக்கொண்டபோது, எதிர்க்கட்சித் தலைவர் கெமி பேடனாக் ‘இரண்டு அடுக்கு வரி முறை’ என்று கூச்சலிட்டார். பலன் பெறாதவரிடம் பணம் பிடுங்காமல் இருப்பது அவருக்குச் சலுகையாகத் தெரிகிறது. இந்த வாதத்துக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஆனால் அந்த விலக்கு மடிக்கணினியோடு போகிறவருக்குத்தான். லண்டன் மருத்துவமனையோ முதியோர் இல்லமோ நேரடியாக வேலைக்கு எடுத்த நம் பெண்களுக்கு இல்லை. தில்லி அடுத்த சுற்றில் கேட்க வேண்டியது இதைத்தான்: அவர்களுக்கும் விலக்குக் கொடு. முடியாதென்றால், கட்டிய பணத்தை ஊர் திரும்பும்போது கொடு. தற்காலிக விசாவில் வேலை செய்துவிட்டு வெளியேறுகிறவருக்கு ஆஸ்திரேலியா வரி பிடித்துக்கொண்டாவது ஓய்வுக்காலச் சேமிப்பைத் திருப்பித் தருகிறது. பிரிட்டனுக்கு மட்டும் ஏன் முடியாது?