காரணமில்லாத இரைப்பு

“நாயின்னா இரைக்கத்தானே செய்யும், டாக்டரம்மா?” விருதுநகர் பக்கம் கால்நடை மருத்துவராக வேலை பார்த்த காலமெல்லாம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். கேட்பவரின் காலடியில் கிடக்கும் நாய்க்கு அநேகமாக முந்தின நாளே இரைப்பு தொடங்கியிருக்கும். அவர் சொல்வது பாதி உண்மைதான். மீதிப் பாதி தெரியாததால் பிழைத்திருக்க வேண்டிய நாய்கள் செத்துப்போகின்றன.

நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்குச் சூட்டை இறக்கும் வியர்வை பாதங்களில் மட்டும்தான், அதுவும் சொற்பம். அதனால் நாக்கை நீட்டி, வாயிலும் மூக்குக்குள்ளும் உள்ள ஈரத்தின் மேல் காற்றை வேகமாக ஓட்டுகிறது. ஈரம் ஆவியாகும்போது உடல் குளிர்கிறது. ஓடிவந்த நாய் நிமிடத்துக்கு 200 தடவைக்கு மேல்கூட இரைக்கும். நிழலில் படுத்துத் தண்ணீர் குடித்தால் சிறிது நேரத்தில் தணிந்துவிட வேண்டும். காற்றிலேயே ஈரம் மிகுந்திருந்தால் இந்த வித்தை சரியாகப் பலிக்காது. சாத்தூரின் வறண்ட வெயிலைச் சமாளிக்கும் நாய், சென்னையின் மே மாதப் புழுக்கத்தில் திணறுவது இதனால்தான்.

எந்த நாய் இரைத்தாலும் நான் முதலில் கேட்பது, ‘எதற்காக?’ என்றுதான். ஓடியிருக்கிறது, வெயிலில் நின்றிருக்கிறது, தீபாவளி வெடிக்குப் பயந்திருக்கிறது என்றால் காரணம் கண்முன்னால் இருக்கிறது. தோல் அரிப்புக்கு ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும் நாயும் கூடுதலாக இரைக்கும், நிறையத் தண்ணீர் குடிக்கும். ஆனால் இரவு இரண்டு மணிக்கு, மின்விசிறிக்குக் கீழே, குளிர்ந்த தரையில் படுத்திருக்கும் நாய் நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தால், உள்ளே ஏதோ நடக்கிறது. வலி, காய்ச்சல், இதயக் கோளாறு, ரத்தசோகை என எதுவாகவும் இருக்கலாம்.

நம் ஊரில் அடிக்கடி தப்பிப்போவது உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடித்துப் பரப்பும் கிருமிகளால் ரத்தம் குறைந்துபோகும். இருக்கிற கொஞ்ச ரத்தத்தைக் கொண்டு உடம்பை ஓட்டத்தான் நாய் அப்படி மூச்சு வாங்குகிறது. வீட்டார் வெயில் என்று நினைத்து மோர் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். வெளிறியிருந்தால் ரத்தம் குறைவு. செங்கல் நிறம் என்றால் உடல் கொதிக்கிறது. நீலம் பாய்ந்திருந்தால் ஒரு நிமிடம்கூட வீணாக்காதீர்கள். பிறவியிலேயே ஈறு கறுத்த நாய்களுக்குக் கீழ் இமையை இழுத்து உட்பக்கத்தைப் பார்க்கலாம்.

இன்னொன்று, தூங்கும்போது மூச்சை எண்ணுவது. மார்பு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 30க்குள் இருக்க வேண்டும். தொடர்ந்து அதைத் தாண்டினால், அதுவும் இருமும் கிழட்டு பொமரேனியன் என்றால், இதயத்தைச் சோதிக்க வேண்டும். இனம், வாங்கிய விலை, ஊசி போட்ட தேதி எல்லாம் சொல்கிற வீட்டார் இந்த எண்ணையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். செலவில்லாத சோதனை இது.

2003இல் ஹட்ச் என்ற கைபேசிச் சேவை நிறுவனத்தின் விளம்பரத்தில் ஒரு பக் நாய் சிறுவன் பின்னாலேயே நடந்தது. அதன் பிறகு தெருவுக்குத் தெரு பக் வந்தது. சப்பை மூக்கு, குறுகிய நாசித் துவாரம், தொண்டையை அடைக்கும் நீண்ட மேலண்ணம். அந்தக் குறட்டையை அழகு என்று கைபேசியில் படம்பிடிக்கிறார்கள். அந்த நாய் மூச்சுக்குப் போராடிக்கொண்டிருக்கிறது. பனிப்பிரதேசத்து ஹஸ்கியை மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் கட்டிவைப்பதும் கொடுமைதான். இவற்றை நம் ஊரில் இனப்பெருக்கம் செய்து விற்பதை நிறுத்த வேண்டும் என்பதே என் கருத்து. எந்த இனமானாலும், வாயை இறுக்கிக் கட்டும் துணி வாய்ப்பூட்டு போட்டு வெயிலில் நடத்தாதீர்கள். வாய் திறக்காவிட்டால் இரைக்க முடியாது. கூடை மாதிரியான வாய்ப்பூட்டு கடைகளில் கிடைக்கிறது.

நாயின் இயல்பான சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 106ஐ நெருங்கும்போது உள்ளுறுப்புகள் பழுதாகத் தொடங்கும். எச்சில் கோந்து போல வடியும், வாந்தி வரும், நடை தள்ளாடும். அப்போது வண்டி தேடி அலைய வேண்டாம், வெயில் தாழட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். நிற்கிற இடத்திலேயே நிழலில் கிடத்தி, குழாய்த் தண்ணீரை வயிறு, தொடை இடுக்கு, பாதமெல்லாம் ஊற்றிக்கொண்டே இருங்கள். விசிறி வீசுங்கள். பிறகு கிளம்புங்கள். ஈரச் சாக்கைப் போர்த்தி அப்படியே விட்டால் சூடு உள்ளேயே தங்கிவிடும். மயங்கும் நாயின் வாயில் தண்ணீர் ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும். மனிதர்களுக்கான காய்ச்சல் மாத்திரை இந்தச் சூட்டை இறக்காது, நாய்க்கு நஞ்சாகவும் மாறலாம். எழுந்து நடந்துவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீரகப் பாதிப்பு பிறகுதான் வெளிப்படும்.

நேரம் கடத்தவே கூடாத வேறு இரண்டு உண்டு. பெரிய நாய் இரைத்துக்கொண்டே, வயிறு உப்பி, வாந்தி வராமல் வெறுமே ஓங்கரித்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அதற்கு அறுவை சிகிச்சைதான். குட்டி போட்டுப் பால் கொடுக்கும் சின்ன நாய் இரைத்து, நடுங்கி, கால் விறைத்தால் ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிட்டது என்று பொருள். குட்டிகளைப் பிரித்துவைத்துவிட்டு உடனே தூக்கிக்கொண்டு போங்கள். மருத்துவர் கால்சியத்தை நரம்பு வழியாக மெல்ல ஏற்றினால் பெரும்பாலும் அன்றைக்கே எழுந்து நடக்கும். வீட்டிலேயே மருந்தை வாயில் ஊற்றிக்கொண்டு விடியும்வரை பார்க்கலாம் என்று இருந்தால் காப்பாற்றுவது கடினம்.