தேடியது நீங்கள்... பின்தொடர்வது யார்?

“சொட்டுநீர்க் குழாய் விலையை செல்போனில் ஒருமுறை தேடினால் போதும். பிறகு செய்தியைத் திறந்தாலும், சமையல் குறிப்பைத் திறந்தாலும் குழாய் விளம்பரம்தான். கடன் பற்றித் தேடினாலும் இதே கதைதான். இதைத் தடுக்கும் பிரவுசர் உண்டா?”

– வாசகி, ஒட்டன்சத்திரம்.

உண்டு. விளம்பர நிறுவனங்கள், பல இணையதளங்கள் வழியாக ‘குக்கி’ என்ற அடையாளக் குறிப்பை போனில் பதித்துவிடுகின்றன. அடுத்த தளத்துக்குப் போனதும் அந்தக் குறிப்பை வைத்து, ‘குழாய் தேடியவர் இவர்’ என்று கண்டுகொள்கின்றன. குழாய் விளம்பரத்தால் நஷ்டமில்லை. ஆனால், பணமுடையில் நகைக்கடன் தேடுவதும், நோய்க்கு வைத்தியம் தேடுவதும் இப்படியே அடுத்தவர் கைக்குப் போகலாம்.

பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் குரோம் பிரவுசர் இருக்கும். அதைத் தயாரிக்கும் கூகுளுக்கு விளம்பரம்தான் முக்கிய வருமானம். அதற்கு மாற்றாக ஃபயர்ஃபாக்ஸ், பிரேவ் இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன. பிரேவ், நிறுவியதுமே விளம்பரங்களையும் பின்தொடரும் நிரல்களையும் தடுக்கும். ஃபயர்ஃபாக்ஸ், ‘மொசில்லா’ என்ற லாப நோக்கமற்ற அறக்கட்டளையின் கீழ் இயங்குவது. அதன் செட்டிங்ஸில் பின்தொடர்தல் தடுப்பை ‘ஸ்ட்ரிக்ட்’ என்று மாற்றி, ‘யுபிளாக் ஆரிஜின்’ என்ற இணைப்பையும் சேர்த்தால் விளம்பரத் தொல்லை வெகுவாகக் குறையும். தேடுபொறியை ‘டக்டக்கோ’ என்று மாற்றுவதும் அவசியம். தேடுபொறி கூகுளாகவே இருந்தால், பிரவுசர் மாறினாலும் தேடும் சொற்கள் கூகுளுக்கே போகும். ஏதாவது ஒரு தளம் சரியாகத் திறக்காவிட்டால், அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பை நிறுத்திக்கொள்ளலாம்.

குரோமில் உள்ள ‘இன்காக்னிட்டோ’ போதாதா? அது, தேடிய விவரம் போனில் தங்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். இணையதளங்களின் கண்ணை அது மறைக்காது. இதுகுறித்து 2020-ம் ஆண்டு அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கில், இன்காக்னிட்டோவில் திரட்டிய தகவல்களை அழிக்க 2024-ல் கூகுள் ஒப்புக்கொண்டது.

வேலி போட்டாலும் படலைத் திறந்து வைத்தால் ஆடு மேயத்தான் செய்யும். எந்தப் பிரவுசராக இருந்தாலும், ‘மானியம்’, ‘உடனடிக் கடன்’ என்று வரும் பக்கங்களில் செல்போன் எண், ஆதார் எண், ஓ.டி.பி ஆகியவற்றை நாமே கொடுத்துவிட்டால் அது காப்பாற்றாது. வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே ஃபைல்களைத் திறக்கவே கூடாது. பணம் பறிபோனால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும்.