செவ்வாய்க்கிழமை கடைசிப் பீரியடைக் கடன் கேட்காதீங்க!



போன இதழில் 'உடற்பயிற்சியின் நன்மைகள்' என்று பத்து பாயிண்ட் எழுதியிருந்தார்கள். நல்லாத்தான் இருந்தது. ஆனால் அதைப் படித்துவிட்டு யாரும் ஓடியதாகத் தெரியவில்லை. அதனால் நான் நன்மைகளை எழுதப் போவதில்லை. என்னுடைய ஒரு வாரத்தை எழுதுகிறேன். நடுவில் ஒரு சண்டையும் வரும். கோபிக்காமல் படியுங்கள்.

நான் 3000 மீட்டர் ஓடுகிறேன். நம் கிரவுண்டில் சுண்ணாம்புக் கோடு போட்ட 200 மீட்டர் வட்டத்தில் பதினைந்து சுற்று. வீட்டிலிருந்து பள்ளிக்கு 6 கிலோமீட்டர். பதினொன்றாம் வகுப்பில் கொடுத்த இலவச சைக்கிளில்தான் வருகிறேன். போக வர 12, ஐந்து நாளைக்கு 60 கிலோமீட்டர். "இம்புட்டு சைக்கிள் மிதிச்சா எங்கிட்டு ஓடுறது?" என்று அம்மா கேட்கும். என் கருத்து வேறு. ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் நம் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. சைக்கிளில் அந்த இடி இல்லை. இதயத்துக்கும் மூச்சுக்கும் வேலை கிடைக்கும், முழங்கால் தப்பிக்கும். ஆனால் சீட்டை ஏற்றி வையுங்கப்பா! நம்ம ஸ்டாண்டில் பாதி சைக்கிள் கொடுத்த நாளில் இருந்த உயரத்திலேயே இருக்கிறது. பெடல் கீழே போகும்போது முழங்கால் லேசாக மடங்கியிருந்தால் போதும். ரொம்ப மடங்கினால் முட்டி வலிக்கும். ஒரு ஸ்பேனர், இரண்டு நிமிட வேலை.

திங்களும் வியாழனும் காலையில் 4 கிலோமீட்டர் மெதுவோட்டம். பேசிக்கொண்டே ஓடுகிற வேகம்தான் சரியான வேகம். எனக்குப் பேச ஆள் இல்லை, அதனால் பதினேழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே ஓடுவேன். மூச்சு வாங்கித் தடுமாறினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். (மெதுவாக ஓடினாலும் நீ தடுமாறுவே என்கிறாள் என் தோழி. அது வேறு விஷயம்.) சனிக்கிழமை மாமாவோடு சைக்கிளில் 25 கிலோமீட்டர். ஞாயிறு கண்மாய்க் கரையில் 8 கிலோமீட்டர், நாய்கள் துணையோடு.

செவ்வாய்தான் உயிர். கடைசிப் பீரியடு பி.டி. 400 மீட்டர் ஆறு முறை, ஒவ்வொன்றும் 1 நிமிடம் 36 வினாடியில். நடுவில் ஒரு சுற்று மெதுவாக. இந்த வேகத்தை ஏழரை தடவை விடாமல் தொடர்ந்தால் 3000 மீட்டர் 12 நிமிடத்தில் முடியும். போன வருஷம் குறுவட்டப் போட்டியில் எனக்கு 12 நிமிடம் 41 வினாடி.

புதனும் வெள்ளியும் ஓட்டமே கிடையாது. "சும்மா இருக்கிறதும் பயிற்சியா?" என்று சிரிக்கிறார்கள். ஆமாம், பயிற்சிதான். கடினமாக ஓடும்போது உடம்பு களைத்துத்தான் போகும், வலுவாவது அதற்கப்புறம் ஓய்வில். 1954-இல் ஒரு மைலை 4 நிமிடத்துக்குள் முதன்முதலில் ஓடிய ரோஜர் பேனிஸ்டர் ஒரு மருத்துவ மாணவர். நம்மைப் போலப் படிப்புக்கு நடுவில் நேரம் தேடி ஓடியவர். அந்த வருஷம் பயிற்சியில் அவருடைய கால் மைல் நேரம் 61 வினாடியிலேயே நின்றுவிட்டது. என்ன செய்தார்? இன்னும் அதிகமாக ஓடவில்லை. நண்பரோடு சில நாள் ஸ்காட்லாந்தில் மலையேறப் போய்விட்டார். திரும்பி வந்து ஓடினால் 59!

இப்போது சண்டைக்கு வருகிறேன். கடந்த ஆறு செவ்வாயில் மூன்று தடவை பி.டி. பீரியடு பறிபோனது. இரண்டு தடவை கணக்கு டெஸ்ட், ஒரு தடவை ரெக்கார்டு நோட்டு. "அடுத்த வாரம் சேர்த்துத் தந்துடறேன்மா" என்கிறார்கள். பீரியடு பணம் மாதிரி இல்லை சார். ஒரு வாரம் விட்ட கடின ஓட்டத்தை அடுத்த வாரம் இரண்டாக ஓடினால் அது ஈடாகாது, கால்தான் பிடித்துக்கொள்ளும். மறுநாளுக்குத் தள்ளினால் ஓய்வு நாள் போச்சு, வியாழனும் கெட்டது. ஒரு செவ்வாயை எடுத்தால் வாரமே கலைகிறது.

"சாயந்திரம் ஓடேன்" என்பீர்கள். பையன்கள் ஆறு மணி வரை கிரவுண்டில் கிரிக்கெட் ஆடலாம். நாங்கள் இருட்டுவதற்குள் 6 கிலோமீட்டர் மிதித்து வீடு சேரணும். ரோட்டில் வேகமாக ஓடிப் பார்க்கலாம் என்றால் ஒருபக்கம் லாரி, இன்னொருபக்கம் டீக்கடை பெஞ்சிலிருந்து கமெண்ட். காலையில் மெதுவாகப் போகும்போதே கேட்க முடியவில்லை. என்னை மாதிரி பிள்ளைகளுக்கு அந்த 40 நிமிடமும் அந்தச் சுண்ணாம்புக் கோடும்தான் இருக்கிறது.

போர்ஷன் முடிக்கணும் என்ற கவலை ஆசிரியர்களுக்கு இருப்பது தெரியும், அதுவும் எங்களுக்காகத்தான். ஆனால் 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினம் சராசரியாக 60 நிமிடம் உடம்பு அசைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொல்லியிருக்கிறது. நமக்கு வாரத்துக்கே இரண்டு பீரியடு. வியாழக்கிழமையை எடுத்துக்கோங்க என்று சொல்லலாம் என்று நினைத்தேன். கோ-கோ டீம் என்னை அடிக்க வரும். ஆகவே அதையும் கேட்காதீர்கள்.

குறுவட்டத்துக்கு இன்னும் நாலு செவ்வாய் இருக்கிறது. ஸ்டாப் வாட்ச் பி.டி. சாரிடம் இருக்கிறது. பிடிக்க ஒரு ஆள் வேணும். பதினைந்து வரை எண்ணத் தெரிந்தால் போதும்.

- பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி