பெரியவர் சர்ச்சுக்குப் போனது தப்பா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

எங்க உழவாரக் குழுவுல ஒரு பெரியவர் இருக்கார். எழுபது தாண்டியவர். இங்கே கட்டட வேலையில் பூச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன வருஷம் ஊருக்குப் போனவர் மூணு மாசம் திரும்பல. நாகப்பட்டினம் பக்கம் அவங்க கிராமத்துல பழைய மாதா கோயில் சுவர் உதிர்ந்து கிடந்திருக்கு. சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச ஆள் கிடைக்கலன்னு இவரைக் கேட்டிருக்காங்க. சம்பளம் வாங்காம செஞ்சு கொடுத்துட்டு வந்தார்.

வந்ததும் நம்ம ஆளுங்க சிலர், "நம்ம கோயில் வேலை கிடக்க, சர்ச்சுக்கு எதுக்குப் போனீங்க?" என்று கேட்டுட்டாங்க. அவர் பதில் பேசல. ரெண்டு வாரமா தொண்டுக்கும் வரல.

ஞாயிற்றுக்கிழமை நாங்க நாலு பேர் அவரை டோபி காட்டில் சந்திச்சோம். அங்கேதான் முன்னே சிவன் கோயில் இருந்தது, 1983-ல் எம்ஆர்டிக்காக இடம் மாறியது. அதைப் பேசிக்கிட்டே ஒரு ஸ்டேஷன் தள்ளி சிட்டி ஹால் போய் இறங்கினோம். எதிரே செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். 1856-ல் அடிக்கல் நாட்டி, இந்தியாவிலிருந்து கொண்டுவந்த கைதிகளை வச்சுக் கட்டினது. கைதிகள்ல இந்துவும் இருந்தாங்க, முஸ்லிமும் இருந்தாங்க. உள்சுவருக்கு மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு. கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை சேர்த்து அரைச்சு, தேங்காய் மட்டை ஊறின தண்ணியில் கலந்து பூசி, கல்லால தேய்ச்சு மெருகேத்துவாங்க.

பெரியவர் அப்பதான் வாய் திறந்தார். ஊர்ல அந்தச் சர்ச் சுவருக்கு யாரோ முன்னாடி சிமெண்ட் பூசிட்டாங்களாம். பழைய செங்கல் குடிக்கிற ஈரம் சுண்ணாம்பு வழியா வெளியே போயிடும். மேலே சிமெண்ட் அடைச்சா ஈரம் உள்ளேயே நின்னு, உப்பு பூத்து, செங்கல் பொடியாகும். மூணு மாசத்துல முக்கால்வாசி நாள் அந்தச் சிமெண்டைக் கொத்தி எடுக்கவே போச்சு என்றார்.

ஃபேக்டரியில மெஷின் நின்னா, தெரிஞ்ச ஆளைத்தான் கூப்பிடுறோம். மதமா கேட்கிறோம்? இவருக்கு அப்புறம் இந்தப் பக்குவம் தெரிஞ்சவங்க எங்க குழுவுல ஒருத்தரும் இல்ல. அந்த மூணு மாசம் கூட நின்ன ரெண்டு ஊர்ப் பையன்கள் கத்துக்கிட்டாங்களாம். நம்ம பிள்ளைங்க ஒருத்தரும் இதுவரை கேட்டதில்ல. நாங்களும் கேட்டதில்ல, அதையும் சொல்லிடணும்.

வர்ற ஞாயிறு காலை 7 மணிக்கு உழவாரப் பணி. கேள்வி கேட்டவங்க அதுக்கு முன்னாடி அவருக்கு ஒரு போன் போடுங்க.