காசு குடுத்துட்டா எல்லாமே உங்களுதா?

கொஞ்ச நாளா மனசுக்குள்ள கெடந்து குமுறிட்டிருந்த மேட்டர் இது. இன்னிக்கு கொட்டிடறேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு கம்பெனிக்கு (பேர் வேணாம், விடுங்க) சில சிறுவர் கதைகளை தமிழாக்கம் பண்ணிக் குடுத்தேன். ராத்திரி ராத்திரியா உக்காந்து பண்ண வேலை. புக்கு வந்துச்சு. ஆசையா புரட்டினா என் பேரை எங்கயும் காணோம். போன் போட்டுக் கேட்டேன். "சார், இது ஒர்க் ஃபார் ஹயர். காண்ட்ராக்ட்ல போட்டிருக்கே, பாக்கலியா?"ன்னாங்க. பாக்கல. எல்லாரையும் போல கடைசிப் பக்கத்துல கையெழுத்து போட்டுட்டேன்.

அப்புறம்தான் உக்காந்து படிச்சேன். மக்களே, 'ஒர்க் ஃபார் ஹயர்'ங்கற வார்த்தையே நம்மூர் 1957 காப்புரிமைச் சட்டத்துல கெடையாது! அது அமெரிக்காவோட 1976 சட்டத்துல வர்ற சமாச்சாரம். அங்க கூட, சம்பள ஆள் இல்லாம வெளியாள் கிட்ட எழுதி வாங்கினா, சட்டம் சொல்ற ஒன்பது வகைக்குள்ள வரணும், ரெண்டு பேரும் எழுத்துல ஒத்துக்கணும். இவங்க என்னடான்னா எங்கயோ இருந்து காப்பி அடிச்ச காண்ட்ராக்ட்டை நம்ம தலையில கட்டறாங்க.

நம்ம சட்டம் 17ஆம் பிரிவு ரொம்ப எளிமையா சொல்லுது: எழுதினவர்தான் முதல் உரிமையாளர். மாசச் சம்பளத்துக்கு வேலை பாக்கறவர் வேலையின் பகுதியா எழுதினா முதலாளிக்குப் போகும், வேற மாதிரி பேசிக்கலைன்னா. பத்திரிகையில சம்பளத்துக்கு இருக்கறவர் விஷயத்துல அதுகூட முழுசா இல்ல. பத்திரிகையில போடற உரிமை மட்டும்தான் ஓனருக்கு. வேற மாதிரி எழுதிக் குடுக்காதவரை அதையே புத்தகமா போடற உரிமை எழுதினவருக்கே. லீவு கெடையாது, பிஎஃப் கெடையாது, போனஸ் கெடையாது, ஆனா உரிமை மட்டும் வேலைக்காரன் கணக்குல எடுத்துக்குவாங்களாம். நல்லா இருக்குய்யா உங்க நியாயம்!

நண்பர் ஒருத்தர் கேட்டார்: "கொத்தனார் வீடு கட்டி கூலி வாங்கிட்டு, அப்புறம் வீடும் என்னுதுன்னு கேப்பாரா?" கேக்க மாட்டார். ஆனா பிளான் வரைஞ்ச ஆர்க்கிடெக்ட்டைக் கேட்டுப் பாருங்க. ஒரு வீட்டுக்குக் காசு குடுத்துட்டு அதே பிளான்ல பத்து வீடு கட்டி வித்தா சும்மா இருப்பாரா? எழுத்து கொத்து வேலை மாதிரி இல்ல, பிளான் மாதிரி.

அதுக்காக அந்த வார்த்தை செல்லாதுன்னு அசட்டையா இருந்துடாதீங்க. அதுக்கு அடுத்த வரியில "சகல உரிமைகளும், உலகம் பூரா, காலத்துக்கும்"னு ஒண்ணு இருக்கும். கடிக்கறது அதுதான். எழுதிக் கையெழுத்து போட்டாதான் உரிமை கைமாறும். எத்தனை வருஷம்னு எழுதலைன்னா அஞ்சு வருஷம், எந்த ஊருன்னு எழுதலைன்னா இந்தியா மட்டும். இது 19ஆம் பிரிவு. சட்டம் நமக்காக இவ்ளோ யோசிச்சு வெச்சிருக்கு. நாமதான் படிக்காம ஒரே கையெழுத்துல தூக்கிக் குடுக்கறோம்.

போட்டோ எடுக்கற மக்கள் இன்னும் உஷாரா இருக்கணும். காசு வாங்கிட்டு அடுத்தவர் கேட்டு எடுத்த படம், பேசி வெக்கலைன்னா, காசு குடுத்தவருக்கே. பெயிண்டிங்குக்கும் அதேதான்.

சரி, உரிமையை வித்தாச்சு, பேரு? 57ஆம் பிரிவு: உரிமையைக் குடுத்த பிறகும் "இது என் படைப்பு"ன்னு சொல்ற உரிமை போகாது. விக்யான் பவன்ல இருந்து தன்னோட சுவர்ச் சிற்பத்தைப் பிச்சு எடுத்ததுக்காக அமர்நாத் சேகல் மத்திய அரசு மேலயே கேஸ் போட்டார். 2005ல டெல்லி உயர் நீதிமன்றம் சிற்பத்தைத் திருப்பிக் குடு, 5 லட்சம் நஷ்ட ஈடும் குடுன்னு சொல்லிச்சு. அரசாங்கமே காசு குடுத்து செய்யச் சொன்ன வேலைங்க அது!

போன மாசம் இன்னொரு கம்பெனி அதே மாதிரி காண்ட்ராக்ட் அனுப்பிச்சு. அந்த வரியை அடிச்சுட்டு, "அஞ்சு வருஷம், அச்சு மட்டும், பேர் போடணும்"னு எழுதி அனுப்பினேன். பதிலே வரல. வேலை போச்சு. வருத்தம்தான், பொய் சொல்லல. ஆனா நான் ஒருத்தன் அடிச்சா வேற ஆளைப் பாத்துக்குவாங்க. பத்து பேர் அடிச்சா காண்ட்ராக்ட்டை மாத்தித்தான் ஆகணும்.

பி.கு: நான் வக்கீல் இல்ல. பெரிய தொகைன்னா நல்ல வக்கீலைப் பாருங்க. சின்னத் தொகைன்னா அட்லீஸ்ட் கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தையாவது படிங்க :-)